செவ்வாய்க்கிழமை எதிராளி

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால், தாராளமாக எழுதலாம் என்பதற்கு நல்ல காரணங்கள் சொல்வார். சரி, எழுதிவிடுகிறேன் என்றதும், எழுதவே கூடாது என்பதற்கு அவற்றைவிட நல்ல காரணங்கள் சொல்வார். எனக்கும் வயதாகிவிட்டது. கேட்கவில்லை.

ஆண்டைப் பற்றி எனக்கு ஐயம் இல்லை. 1962. பழைய நண்பர்களில் சிலர் அதற்கு முந்திய ஆண்டு என்று சாதிக்கிறார்கள். அது தவறு. மலாயாவோடு இணைவது குறித்துச் சிங்கப்பூரில் பொதுவாக்கெடுப்பு நடந்தபோது நாங்கள் ஆனர்ஸ் வகுப்பில் இருந்தோம். அவர் அந்த வாக்கெடுப்பைப் பற்றிப் பேசியதை என்னால் இந்தப் பிறவியில் மறக்க முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன். கிழமையிலும் ஐயம் இல்லை. செவ்வாய்.

புக்கிட் தீமா சாலையோரக் குன்றின்மேல் இருந்த எங்கள் பல்கலைக்கழகத்தில், செவ்வாய்க்கிழமை தோறும் மாலையில் ஆனர்ஸ் மாணவர்களுக்கென்று ஒரு சிறிய செமினார் நடந்தது. துறைக்கு ஒருவர் வீதம் ஆறே பேர். நான் வரலாறு. என் சீன நண்பன் லிம் இயற்பியல். அவர் தாவரவியல். மற்ற மூவரும் பொருளாதாரம், புவியியல், கணக்கு. தாவரவியல் கூடத்துக்குப் பின்னால் ஒரு சிற்றறையில் கூடுவோம். ஜாடிகளில் ஊறிக்கொண்டிருந்த ஏதேதோ செடிகளின் மருந்து வாடை எங்கள் தேநீரிலும் இறங்கியிருக்கும்.

நடத்தியவர் ஒல்லியான ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர். அவருடைய சொந்தத் துறை எதுவென்று எங்களில் யாரும் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அவர் வைத்திருந்த விதிகள் இரண்டு. முதலாவது, தன் துறையைப் பற்றி யாரும் கட்டுரை வாசிக்கக்கூடாது. அதனால் லிம் பேய்களைப் பற்றி வாசித்தான். கணக்குக்காரர் தாலாட்டைப் பற்றி வாசித்தார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே புவியியல்காரர் தூங்கிப்போனது அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த பாராட்டு என்றார் பேராசிரியர். இரண்டாவது விதி, தேநீருக்குப் பிறகு ஒருவர் எதிராளியாக அமர்ந்து அந்தக் கட்டுரையை மறுத்துப் பேச வேண்டும். தன் சொந்தக் கருத்து என்னவாக இருந்தாலும் சரி. எதிராளிக்கென்று சன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி உண்டு.

எதிராளி வேலை எல்லாருக்கும் முறைவைத்து வர வேண்டியது. முதல் செவ்வாய் தாவரவியல்காரரான அவருடைய முறை. இரண்டாம் செவ்வாயும் அவரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாம் செவ்வாயும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாரே என்ற அச்சம்தான்.

குள்ளமான உருவம். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, தடித்த மூக்குக்கண்ணாடி, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. விரல்நுனிகளில் ஆய்வுக்கூடத்துச் சாயம் ஒட்டியே இருக்கும். பேசிக்கொண்டே வருகையில் திடீரென்று நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளுவார். தள்ளினால் அணி மாறப் போகிறார் என்று பொருள். அடுத்து வரப்போகும் வாக்கியமும் எங்களுக்குத் தெரியும்.

“அது ஒரு பக்கந்தான்.”

என்னுடைய முதல் கட்டுரை எறும்புகளைப் பற்றியது. எறும்புகளுக்குள் ஓர் அரசாங்கம் இருக்கிறது என்று நான் நிறுவியிருந்தேன். நூலகத்தில் இருந்த எறும்புப் புத்தகங்கள் அனைத்தையும் படித்துத் தயாரித்தது. தேநீர் முடிந்ததும் அவர் எழுந்தார். அரசாங்கம் என்றால் ஆணை வேண்டும், ஆணையை மீறுபவன் வேண்டும், மீறியவனைத் தண்டிப்பவன் வேண்டும். இதில் எது எறும்பிடம் இருக்கிறது என்று கேட்டார். எறும்புப் புற்றில் இருப்பது அரசாங்கம் அல்ல, வெறும் பசி என்றார். அறையில் எல்லாத் தலைகளும் ஆடின. எனக்கும் நியாயமாகப் பட்டது.

“நீங்க சொல்றதுதான் சரி, நான் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறேன்” என்றேன்.

அவர் முகத்தில் ஒரு வருத்தம் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தள்ளினார்.

“அவ்வளவு சீக்கிரமா ஒத்துக்கிட்டா எப்படி? அது ஒரு பக்கந்தான்.”

பிறகு எறும்புகளின் அரசாங்கத்தை அவரே மறுபடி கட்டி எழுப்பினார். நான் கட்டியதைவிட அது உறுதியாக இருந்தது. வரிவசூல்கூட இருந்தது. பேராசிரியர் என்னைப் பார்த்து, “உங்கள் கட்டுரையை இவரே எழுதியிருக்கலாம்” என்றார். செமினாரில் நாங்கள் பேசியது ஆங்கிலம்தான். எனக்குத் தோன்றிய தமிழில் தருகிறேன். லிம் சொல்வதையெல்லாம் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும், வாக்கியக் கடைசியில் அவன் ஒட்டும் ‘லா’வைத் தவிர. அது எந்த மொழியிலும் அப்படியே வரும்.

இந்தக் குணம் செமினாரோடு நின்றிருந்தால் எழுத ஒன்றுமில்லை. நிற்கவில்லை. கேன்டீனில் காப்பி குடிப்பதா டீ குடிப்பதா என்ற கேள்விக்கு முதல் சில வாரங்கள் அவர் இரண்டுக்காகவும் வாதாடினார். பின்னால் நின்ற வரிசை கேன்டீன் வாசலைத் தாண்டிப் போயிற்று. கேன்டீன் நடத்தியவர் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர். ஒருநாள் காப்பியையும் டீயையும் ஒரே கோப்பையில் கலந்து, சாம் என்று அங்கே விற்பார்களே, அதைக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அன்றுமுதல் கேள்வியே இல்லை, சாம்தான்.

வாக்கெடுப்புக்கு முதல்நாள் மாலை அதே கேன்டீனில்தான் உட்கார்ந்திருந்தோம். வாக்குச்சீட்டில் மூன்று கட்டங்கள் உண்டு. மூன்றும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொல்கின்றன என்று ஊரில் பலர் சலித்துக்கொண்டார்கள். மூன்றிலும் பெரிய வேறுபாடு கண்டு, மூன்றுக்கும் ஆதரவாகப் பேசியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அதோடு விட்டாரா? கட்டம் எதையும் நிரப்பாமல் வெறும் சீட்டைப் போடுவதற்காகவும் பேசினார். பேச ஆரம்பிக்கும்போது லிம் தெளிவாக இருந்தான். முடிக்கும்போது, “நான் நாளைக்கு ஓட்டுப் போடப் போகலேன்னா அபராதம் போடுவாங்களா லா?” என்று என்னிடம் தனியாகக் கேட்டான்.

“நீங்க எதுக்குப் போடப் போறீங்க?” என்று அவரைக் கேட்டேன்.

“ரகசிய வாக்கெடுப்பு” என்றார்.

அப்போது அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, உறவில் ஒரு திருமணத்துக்குப் புடவை எடுக்க வேண்டும் என்று என்னையும் லிம்மையும் சிராங்கூன் சாலைக்கு அழைத்துப் போனார். சாலையை ஒட்டிய ஒரு ஜவுளிக்கடை. கடைக்காரர் புதுக்கோட்டைப் பக்கம், நல்ல பேச்சுக்காரர். மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை விரித்து, “தங்கச்சிக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்கு” என்றார். இவர் அந்த நிறம் தமக்கு ஏன் பொருந்தாது என்பதை விளக்கினார். தோல் நிறம், கண்ணாடியின் சட்டம், கல்யாண மண்டபத்து விளக்கு, எல்லாம் வந்தன. கடைக்காரர் பண்பாகத் தலையாட்டி, “சரிதாங்க, இது உங்களுக்கு எடுபடாதுதான்” என்று மடிக்கத் தொடங்கினார்.

“ஏன் எடுபடாது? நீங்க முதல்ல சொன்னதிலயும் விஷயம் இருக்கு” என்றார் இவர்.

கடைக்காரர் மறுபடி விரித்தார். இவர் புடவைக்காகப் பேசினார். கடைக்காரர் மகிழ்ந்துபோய் ஒப்புக்கொண்டார். அதுதான் அவர் செய்த பிழை. புடவை மறுபடி மடிக்கப்பட்டது. நான்காவது தடவை விரிக்கும்போது அவர் லிம்மைப் பார்த்தார். சீன இளைஞனிடம் நியாயம் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார் பாவம். லிம் கையை விரித்தான். கடைசியில் கடைக்காரர் புடவையைத் தாளில் சுற்றி இவர் கையில் திணித்தார்.

“தங்கச்சி, எடுத்துட்டுப் போயிடுங்க. வீட்ல போய்ப் பேசுங்க. பிடிக்கலேன்னா திருப்பி மட்டும் கொண்டாந்துடாதீங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

வெளியே வந்து பஃபலோ சாலைப் பூக்கடைகளைக் கடக்கும்போது லிம் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்: “இவங்க எதையாவது நம்பறாங்களா?”

இப்படி ஒரு கேள்வி எனக்கு அதுவரை தோன்றியதில்லை. தோன்றிய பிறகு விடவில்லை. அடுத்த வாரம் நூலகத்தில் அவரைப் பார்த்தபோது, படிப்பு முடிந்ததும் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். ஆசிரியர் வேலைக்கு ஆதரவாக நாலு காரணம், எதிராக நாலு. மேற்படிப்புக்கும் அதேபோல. திருமணத்துக்கும். எல்லாம் மணியான வாதங்கள். கேட்டுக்கொண்டே இருந்தேன். ‘எனக்கு ஆசை’ என்ற சொல் எங்காவது வருமா என்று காத்திருந்தேன். நூலகம் மூடும் மணி அடித்துவிட்டது. வரவில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. வாதங்களாலேயே கட்டிய, அத்தனை அறைகள் கொண்ட பெரிய வீட்டில் இந்தப் பெண்ணுக்கு உட்கார ஒரு முக்காலிகூட இல்லையோ என்று நினைத்தேன்.

வாக்கெடுப்பு முடிந்து, ஆண்டு இறுதி மழை தொடங்கியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தோம். பொருளாதாரக்காரர் நிலவைப் பற்றி வாசித்தார். எல்லாரும் ஒப்புக்கொண்டோம். தேநீர் ஆறுவதற்குள் செமினார் முடிந்துவிட்டது. பேராசிரியர் பிரம்பு நாற்காலியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார். அடுத்த செவ்வாயும் அப்படியே.

மூன்றாவது விதி ஒன்றும் இருந்தது. அதுவரை தேவைப்படாததால் நாங்கள் மறந்திருந்தோம். தொடர்ந்து மூன்று வாரம் வராதவர் செமினாரில் இடம் இழப்பார். செமினார் கட்டுரையையும் ஆனர்ஸ் மதிப்பெண்ணில் சேர்ப்பார்கள். இடம் போனால் மதிப்பெண்ணும் போகும்.

லிம் அவரைத் தாவரவியல் கூடத்துத் தாழ்வாரத்தில் பிடித்துவிட்டான். பகல் வகுப்புகளுக்கு அவர் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தார். அப்பா செவ்வாய்க்கிழமை மாலையை நிறுத்திவிட்டார் என்றார். வீடு செம்பவாங்கில், கடற்படைத் தளத்துக் குடியிருப்பில். அங்கே போய்ச் சேரும்போது இருட்டிவிடுகிறது. அது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது, அவர்கள் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மாள், ‘உங்க பொண்ணை சிராங்கூன் ரோட்டுல ரெண்டு பையங்களோட பாத்தேனே’ என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

“நீங்க அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?” என்று லிம் கேட்டிருக்கிறான்.

“அவர் சொல்றதுல நியாயம் இருக்கு” என்றாராம்.

லிம் என்னிடம் இதைச் சொல்லும்போது சுவரில் தலையை மெதுவாக முட்டிக்கொண்டான்.

பேராசிரியரிடம் போனோம். செமினாரை ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கிவிடலாம், இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று அவர் உடனே சொன்னார். இந்த நல்ல செய்தியை எடுத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நானும் லிம்மும் செம்பவாங்குக்குப் பேருந்து ஏறினோம். லிம் ஒரு டின் பிஸ்கட் வாங்கி வந்திருந்தான். ரப்பர் தோட்டங்களைத் தாண்டிப் பேருந்து போய்க்கொண்டே இருந்தது. அந்த வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. புகாரே இரண்டு பையன்களைப் பற்றி. அந்த இரண்டு பையன்களும் பிஸ்கட் டின்னோடு வந்து வாசலில் நிற்கிறோம்.

கதவைத் திறந்தவர் அவருடைய அப்பா. டாக்யார்ட் ஸ்டோரில் மேற்பார்வையாளர். தொழிலாளர் சங்கத்தில் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தவர். பனியனும் சாரமுமாக இருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். யார், எதற்கு என்று சொன்னேன்.

“உக்காருங்க” என்று உள்ளே போனவர், வெள்ளைச் சட்டை, முழுக்கால் சட்டை, சப்பாத்து சகிதமாகத் திரும்பி வந்து எதிரே அமர்ந்தார். நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்கு அவர் அப்படித்தான் போவாராம்.

“சொல்லுங்க தம்பி. உங்க கோரிக்கை என்ன?”

சமையற்கட்டிலிருந்து அம்மா தேநீரும் உருளைக்கிழங்கு போண்டாவும் கொண்டுவந்து வைத்தார். எங்கள் எதிராளி உள்வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சியா, கோபமா, தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

நான் செமினாரைப் பற்றிச் சொன்னேன். லிம் ஆங்கிலத்தில், நேரம் மாற்றப்பட்டதைச் சொன்னான். பேருந்து வரும்வரை மற்ற ஐந்து பேருமாக நிறுத்தத்தில் நின்று ஏற்றிவிடுவோம், அதில் இன்னொரு பெண்ணும் உண்டு, புவியியல்காரர் பெண்தான் என்றான். அப்பா விரல்விட்டு ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் கேட்டார். இருட்டு? இருக்காது. பேருந்து? ஏற்றிவிடுவோம். சிராங்கூன் ரோடு?

“அங்கிள், அது புடவை எடுக்க லா” என்றான் லிம். “நாலு தடவை விரிச்சாங்க. நான்தான் சாட்சி.”

சமையற்கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. “அந்த மயில்கழுத்து நிறமா? இன்னும் கட்டலை தம்பி. கட்டலாமா வேணாமான்னு வீட்ல இன்னும் வழக்கு நடக்குது” என்றார் அம்மா.

அப்பா நெற்றியைத் தடவிக்கொண்டார். மேசைமேல் விரலால் தட்டினார்.

“சரி. நேரத்தை மாத்திட்டாங்கன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. போகட்டும்.”

லிம் என் காலை மேசைக்கடியில் மிதித்தான். வென்றுவிட்டோம் என்று அர்த்தம். நான் நிம்மதியாக ஒரு போண்டாவை எடுத்துக் கடித்தேன். நிமிர்ந்து பார்த்தால், உள்வாசலில் அவர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டிருந்தார்.

“அது ஒரு பக்கந்தாம்ப்பா.”

போண்டா எனக்குத் தொண்டையில் நின்றது.

“நேரத்தை மாத்தினா மட்டும் என்ன?” என்றார் அவர். “சீக்கிரம் ஆரம்பிச்சா நேரத்துல முடிஞ்சிடுமா? அங்க பேச்சு இழுத்துக்கிட்டேதான் போகும். மழைக்காலத்துல பஸ் நின்னு போச்சுன்னா ரப்பர் தோட்டத்து நடுவுல நிக்கணும். சரி, அதெல்லாம் விடுங்க. அங்க என்ன நடக்குது? பிஸிக்ஸ் படிக்கிறவர் பேயைப் பத்திப் பேசறார். ஹிஸ்டரி படிக்கிறவர் எறும்பைப் பத்திப் பேசறார். நாளைக்கு எந்த வேலையில இதைக் கேக்கப் போறாங்க? நீங்க முதல்ல சொன்னதுதாம்ப்பா சரி.”

“ஏண்டி, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்!” என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

லிம்முக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகம் தெரிந்தது. “அணி மாறிட்டாங்களா?” என்று கேட்டான். ஆமென்று தலையாட்டினேன். பிஸ்கட் டின்னைச் சற்றுத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

ஆனால் அப்பா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சுருங்கின.

“இரு, இரு. நான் கேட்டதைவிட அதிகமாக் குடுக்கறே. நிர்வாகம் இப்படிக் குடுத்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். உள்ளே ஏதோ இருக்கு.” நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “பஸ் நின்னுடுமா? நான் இந்த ரோட்டுல எத்தனை வருஷமாப் போறேன், எங்க நின்னுச்சும்மா? எறும்பு எந்த வேலைக்கு ஆகும்னு கேக்கறே. எங்க ஸ்டோர்ல கயிறைப் பத்தி மட்டும் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான். இன்னிக்கும் கயிறு செக்‌ஷன்லயேதான் இருக்கான். எல்லா செக்‌ஷன்லயும் போய் எட்டிப் பாத்தவன்தான் மேல வந்தான்.”

“அது யாருன்னு கேளு” என்றது சமையற்கட்டு. “இவர்தான்.”

“நீ சும்மா இரு. உதாரணத்துக்குச் சொல்றேன்.”

“நீங்க மேல வந்தது எட்டிப் பாத்ததாலயா, சங்கத்துல இருந்ததாலயாப்பா?” என்றார் மகள்.

“ரெண்டுந்தான். அதனால நீ போறதுதான் நல்லது.”

“அப்படி வச்சுக்கிட்டா, நீங்க சொல்றதும் சரியாத்தான் படுது...” என்று அவர் இழுத்தார். கண்ணாடியைத் தள்ளினார். இப்போது செமினாருக்காகப் பேசத் தொடங்கினார். நாங்கள் சொன்னதைவிட அழகாகச் சொன்னார். எறும்புகள்கூட நியாயம் பெற்றன. கேட்டுக்கொண்டே வந்த அப்பா பாதியில் கையை உயர்த்தினார்.

“அது ஒரு பக்கம்.”

அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது, பிரம்பு நாற்காலிக்கு அவர் எங்கிருந்து வந்தார் என்பது. அப்பா செமினாருக்கு எதிராகப் பேசினார். மகள் ஆதரித்தார். அப்பா மெல்ல ஆதரவுக்கு வந்தார். மகள் எதிர்ப்பக்கம் போனார். இரண்டு பேரும் ஒரே மேசையைச் சுற்றி ஒருவரையொருவர் துரத்துவதுபோல் இருந்தது. இருவருக்கும் முகம் மலர்ந்திருந்ததையும் சொல்ல வேண்டும். போண்டாத் தட்டு காலியாயிற்று. தேநீர் இரண்டாம் தடவை வந்தது.

“இப்ப யார் ஜெயிக்கறாங்க?” என்று லிம் கேட்டான்.

“தெரியல.”

“நாம எந்தப் பக்கம்?”

“அதுவும் தெரியல.”

நாளை மறுநாள் செவ்வாய். அன்றும் வராவிட்டால் அவருடைய இடம் போய்விடும். அவருடைய வாதங்கள் எல்லாம் வெல்லும், அவர் தோற்பார். ஊருக்குக் கடைசிப் பேருந்துகூடப் போய்விடும். இவர்கள் முடிக்க மாட்டார்கள்.

அப்போதுதான் அம்மா சமையற்கட்டிலிருந்து வந்தார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். வருடக்கணக்காக இந்த இருவருக்கும் சோறு போட்டு வந்த ஒரு பெண்மணியின் களைப்பு அந்த முகத்தில் இருந்தது.

“ரெண்டு பேரும் நிறுத்துங்க. அவர் சொல்றது எனக்கு வேணாம், நீ சொல்ற நியாயமும் எனக்கு வேணாம்.” மகள் பக்கம் திரும்பினார். “உனக்குப் போகணுமா, வேணாமா?”

“அம்மா, அதை ரெண்டு விதமாப்...”

“போகணுமா, வேணாமாடி?”

மகள் வாயைத் திறந்தார். மூடினார். நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்துப் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வெளியே யாரோ பையன்கள் பந்து விளையாடும் சத்தம் வந்தது. அவரை நான் பேச்சில்லாமல் பார்த்தது அன்றுதான். தேர்வு அறையில்கூட அப்படி நின்றிருக்க மாட்டார்.

“போகணும்” என்றார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “காரணம்?”

“காரணம் ஒண்ணும் இல்லப்பா.” புடவை நுனியை விட்டார். “எனக்குப் போகணும்.”

அப்பா பதிலுக்கு வாயெடுத்தார். பிறகு கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். குனிந்து சப்பாத்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

லிம் என் சட்டைக்கையை இழுத்தான். “என்ன ஆச்சு? என்ன சொன்னாங்க?”

“வரணும்ங்கறாங்க.”

“காரணம்?”

“காரணம் இல்லையாம்.”

லிம் இயற்பியல்காரன். யோசித்துத் தலையை ஆட்டினான். “ரொம்ப பலவீனமான வாதம் லா” என்றான் ஆங்கிலத்தில், சற்று உரக்கவே.

அப்பா ஒரு கால் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆமா தம்பி” என்றார் அவரும் ஆங்கிலத்திலேயே. “அதனாலதான் என்னால ஒண்ணும் சொல்ல முடியல.”